போர்முனைச் சிப்பாயின் கடிதத்தை வாசிக்க, உறையிலிருந்து தொடங்குங்கள்

வடக்கு மாநிலங்களும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்று ஆயிரக்கணக்கில் இணையத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. அந்தக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து தர, அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. நம் ஊரில் இருந்தபடியே செய்யலாம். ஓய்வு பெற்றதிலிருந்து என் காலைப் பொழுது இதில்தான் போகிறது. ஆர்.எம்.எஸ்.ஸில் ஓடும் ரயிலில் நின்றபடி தபால் பிரித்தவன் நான். அதனால் என் கண் முதலில் உறைமேல்தான் போகும். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். கடிதம் எந்த வழியாகப் போனது என்று தெரிந்தால்தான், உள்ளே என்ன எழுதியிருக்கிறது, எதை எழுத முடியவில்லை என்பது விளங்கும்.

வடக்குப் படையின் கடிதம் என்றால் பெரும்பாலும் 3 சென்ட் தபால்தலை இருக்கும். தலையே இல்லாமல், மூலையில் 'சிப்பாயின் கடிதம்' என்ற குறிப்பும் ஓர் அதிகாரியின் கையெழுத்தும் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். முகாமில் தலை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் மழையிலும் வியர்வையிலும் ஒட்டிக்கொள்ளும். 1861 ஜூலையில் வந்த சட்டப்படி சிப்பாய் தலை ஒட்டாமலே அனுப்பலாம், வாங்குகிறவர் காசு கொடுத்துக்கொள்வார். நம் பேரிங் தபால் மாதிரிதான், ஆனால் இரட்டிப்புக் கட்டணம் கிடையாது. எழுதியவன் கையில் காசு இருந்ததா என்பதற்கு இது ஒரு தடயம். சாதாரணச் சிப்பாயின் சம்பளம் பெரும்பாலான காலம் மாதம் 13 டாலர், அதுவும் பல மாதம் தள்ளித்தான் வரும். கறுப்பினச் சிப்பாய்களுக்கு 10 டாலர் என்று சொல்லி, உடைக்கு 3 டாலரைப் பிடித்துக்கொண்டு 7 டாலர்தான் கொடுத்தார்கள். 1864 ஜூனில்தான் சமச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. ஆகவே 'பணம் அனுப்ப முடியவில்லை' என்ற வரியைப் பார்த்ததும் பொறுப்பில்லாதவன் என்று முடிவுகட்டாதீர்கள்.

வீட்டிலிருந்து சிப்பாய்க்குப் போன கடிதத்தில் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். பெயர், ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவு, அதற்குள் கம்பெனி என்ற சிறு பிரிவு, அப்புறம் 'வாஷிங்டன்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். படை இன்று ஓரிடம், நாளை ஓரிடம். ரெஜிமென்ட்தான் விலாசம். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

ஒரே உறையில் இரண்டு தரப்பின் தலைகளும் இருந்தால், அது போர்க்கோட்டைத் தாண்டிய கடிதம். 1861 மே 31-ஓடு வடக்கின் தபால்துறை தெற்கில் சேவையை நிறுத்திக்கொண்டது. அதன்பின் அந்தப் பக்கம் உறவு வைத்திருந்தவர்களும் போர்க்கைதிகளும் பெரும்பாலும் சமாதான அடையாளமாக வெள்ளைக் கொடி ஏற்றிய கப்பல் வழியாகத்தான் கடிதம் அனுப்ப முடிந்தது. வர்ஜீனியாவின் மன்றோ கோட்டைப் பக்கம் பைகள் கைமாறும். ஒரே ஒரு பக்கம், குடும்ப விஷயம் மட்டும், உறையை ஒட்டக் கூடாது. நடுவில் ஒருவர் படித்துப் பார்ப்பார். அப்படி வந்த கடிதத்தில் 'நான் நலம், சாப்பாடு பரவாயில்லை' என்று இருந்தால், அதைப் படிக்கப்போகும் அந்த மூன்றாவது ஆளையும் நினைவில் வைத்து வாசியுங்கள். மற்றபடி முகாமிலிருந்து சாதாரணமாக வீட்டுக்குப் போன கடிதங்களை யாரும் பெரிதாகத் தணிக்கை செய்யவில்லை. அதனால்தான் அவற்றில் இவ்வளவு வெளிப்படையான பேச்சு.

சரி, தேதி. முத்திரையில் பல நேரம் நாளும் மாதமும் இருக்கும், ஆண்டு இருக்காது. எழுதியவனும் 'ஞாயிறு, டிசம்பர் 14' என்று நிறுத்தியிருப்பான். அங்கே நாட்காட்டியை எடுங்கள். டிசம்பர் 14 என்பது 1861-இல் சனி, 1862-இல் ஞாயிறு, 1863-இல் திங்கள், 1864-இல் புதன். ஆகவே 1862. ஃபிரெடெரிக்ஸ்பர்க் சண்டையின் மிகக் கொடிய நாள் முந்தைய சனிக்கிழமை, 13-ஆம் தேதி. தலைப்பில் அந்த ஊர்ப் பெயரும் இருந்தால், கை நடுங்கிய எழுத்துக்கும் பாதியில் நின்ற வாக்கியத்துக்கும் காரணம் கிடைத்துவிடும். ஜனவரிக் கடிதங்களில் மட்டும் ஆண்டை நம்பாதீர்கள். பழக்கத்தில் பழைய ஆண்டையே எழுதிவிடுவார்கள்.

இனி எழுத்து. தாள் மிச்சம் பிடிப்பதற்காக, எழுதி முடித்த பக்கத்தைக் குறுக்கே திருப்பி அதன் மேலேயே மறுபடி எழுதியிருப்பார்கள். பார்த்ததும் தலை சுற்றும். படத்தைப் பெரிதாக்கி, ஒரு திசை வரிகளை மட்டும் முழுதாக முடியுங்கள். பிறகு படத்தை 90 பாகை திருப்பி அடுத்ததற்குப் போங்கள். இரண்டையும் மாறி மாறிப் படித்தால் எதுவும் தேறாது. தெற்கில் தாள் பஞ்சம் இன்னும் மோசம். வந்த உறையையே பிரித்து உள்புறத்தை வெளியே திருப்பி ஒட்டியதும் உண்டு, சுவர்த்தாளை வெட்டி உறை செய்ததும் உண்டு. படத்தொகுப்பில் உறையின் உட்பக்கம் இருந்தால் அதையும் பாருங்கள், இன்னொரு விலாசம் அகப்படலாம்.

இரட்டை எஸ் வரும் இடத்தில் முதல் எஸ்ஸை நீட்டி எழுதுவது அந்தக் கால வழக்கம். எஃப் மாதிரி தெரியும். 'மிசிசிப்பி' (Mississippi) என்ற பெயரில் இது இரண்டு முறை வரும். ஒருமுறை அதில் பழகிக்கொண்டால் போதும். எழுத்துப் பிழை மலிந்த கடிதத்தை வாய்விட்டுப் படியுங்கள். காதில் கேட்டபடி எழுதியவர்கள் அவர்கள், காதுக்குத்தான் புரியும். பிழையைத் திருத்திவிடாதீர்கள். அது அந்த ஆளின் குரல்.

ஒரே பெயரில் இரண்டு கையெழுத்து கண்டால் போலி என்று நினைக்க வேண்டாம். எழுதத் தெரியாதவனும், கையில் குண்டடி பட்டவனும் சொல்லச் சொல்ல அடுத்தவர் எழுதித் தந்தார்கள். வாஷிங்டன் மருத்துவமனைகளில் காயம்பட்டவர்களுக்காகக் கவிஞர் வால்ட் விட்மன் அப்படி உட்கார்ந்து எழுதியிருக்கிறார். தோழன் இறந்துவிட்டால், எப்படி இறந்தான், எங்கே புதைத்தோம் என்று வீட்டுக்கு எழுதுவதும் பெரும்பாலும் கூட இருந்தவன்தான். முறையாகத் தகவல் சொல்ல அரசிடம் ஏற்பாடு இல்லை. அந்தக் கடிதங்களை அவசரமாகத் தட்டச்சு செய்யாதீர்கள். ஒரு தாய்க்குக் கிடைத்த ஒரே செய்தி அதுவாக இருந்திருக்கலாம்.

வீட்டிலிருந்து வந்த பதில்கள் அபூர்வமாகவே மிஞ்சின. முதுகுப்பையில் கிடந்து நனைந்து கிழிந்துபோயின. ஆகவே பெரும்பாலும் பாதிப் பேச்சுதான் உங்கள் கையில். 'பசுவை விற்க வேண்டாம்' என்று அவன் எழுதினால், விற்கட்டுமா என்று வீட்டில் மனைவி கேட்டிருக்கிறாள். இப்படி அவள் பக்கத்தைத் தனித் தாளில் எழுதிக்கொண்டே போங்கள். குடும்பத்தின் நிலை தெளிவாகும்.

மீதிக் கதைக்கு ஓய்வூதியக் கோப்புகளைத் தேடுங்கள். 1862 ஜூலைச் சட்டப்படி, இறந்த வடக்குச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர். மகனை நம்பியிருந்த தாயும் கேட்கலாம், ஆனால் அவன்தான் காப்பாற்றினான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்குச் சான்றாகப் பல தாய்மார்கள் மகனின் கடிதங்களையே கொடுத்தார்கள். கொடுத்த கடிதங்கள் கோப்போடு கோப்பாக வாஷிங்டனிலேயே தங்கிவிட்டன. பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் அதே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். குறித்து வைத்த ரெஜிமென்டையும் கம்பெனியையும் சேர்த்துக் கொடுங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் சிப்பாய்ப் பட்டியலில் முதலில் ஆளை உறுதி செய்துகொண்டு, அப்புறம் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள்.