கோப்பிச் சக்கையில் இருந்து தோலுக்கு நல்லதை எடுக்க: கிளிசறினும் வன்னி வெயிலும்

கோப்பி வடித்த பிறகு சீலையில் நிற்கிற சக்கையை அப்படியே கொல்லையில் கொட்டிவிடுகிறோம். அதை நன்றாகக் காயவைத்து நிறுத்தால், எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கும். கஃபீனிலும் ஒரு பங்கு மிச்சம் நிற்கும். குளோரோஜெனிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, ஒட்சியேற்றத்தைத் தடுக்கிற பொருள், அதுவும் முழுதாகப் போய்விடுவதில்லை. கண்ணுக்குக் கீழே வீக்கம் குறைய என்று விற்கிற கிறீம்களில் சேர்க்கிற கஃபீனும் நம் சக்கையில் இருக்கிற கஃபீனும் ஒன்றுதான்.

ஆலைகளில் சக்கை எண்ணெயைப் பிரிக்க ஹெக்சேன் பாவிப்பது பழைய வழி. பெற்றோலியத்தில் இருந்து வருவது, சட்டென்று தீப்பிடிக்கும், நாளாக நாளாக நரம்பையும் பாதிக்கும். அதை விட்டு எதனோல் என்கிற மதுசாரமும் தண்ணீரும் கலந்த கரைப்பானுக்கும், 31 பாகை செல்சியசுக்கு மேலே ஏறத்தாழ 73 மடங்கு வளிமண்டல அமுக்கத்தைத் தாண்டி அமுக்கிய காபனீரொட்சைட்டுக்கும் இப்போது பலர் மாறுகிறார்கள். அமுக்கத்தை எடுத்துவிட்டால் அந்த வாயு தானாகப் பறந்துபோய் எண்ணெய் மட்டும் மிஞ்சும், அருமையான முறை, ஆனால் அந்த இயந்திரம் நம் குசினிக்குள் வராது. சுத்தமான எதனோலும் நமக்கு லேசில் கிடைக்காது. பாமசியில் விற்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் மெதனோல் என்கிற நச்சு மதுசாரம் கலந்திருக்கலாம், அதை இதற்கு எடுக்கவே வேண்டாம், கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் பற்றி யோசிக்கவும் வேண்டாம். நமக்குச் சரிவருவது கிளிசறின், தண்ணீர், எண்ணெய், வெயில். இந்த நாலும் போதும்.

முதலில் எந்தச் சக்கை என்று பாருங்கள். வீட்டில் மல்லி, மிளகு, வேர்க்கொம்பு போட்டு வறுத்து இடித்த கோப்பியின் சக்கை முகத்துக்கு ஆகாது, எரியும். இன்ஸ்டன்ட் கோப்பியில் சக்கையே இல்லை. சீனியோ பாலோ கலந்து வடித்தது என்றால் எறும்பும் பூஞ்சணமும்தான் மிச்சம். தனிக் கோப்பித் தூள், வெறும் தண்ணீரில் வடித்தது, அன்றைக்கே எடுத்தது, அதுதான் வேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மெஷினில் கோப்பி போடுகிற கடை தெரிந்தால் ஒரு மூடி வாளியைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள், தண்ணீர் சில விநாடிகளே தூளுக்குள்ளால் போவதால் அந்தச் சக்கையில் பொதுவாகக் கூடுதலாக மிஞ்சியிருக்கும்.

காயவைப்பதில்தான் முக்கால்வாசி வேலையும் இருக்கிறது. ஈரச் சக்கை ஒரு இரவு மூடிக் கிடந்தாலே புளித்த மணம் வரும். சுளகிலோ தட்டிலோ மிக மெல்லிசாகப் பரப்பி, மேலே ஒரு வெள்ளைத்துணியைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சோளகக் காற்று பாதியைத் தூக்கிக்கொண்டு போகும், மீதியில் கிரவல் ரோட்டுப் புழுதி படியும். இடைக்கிடை கிளறிவிட்டால் நல்ல வெயிலில் ஒரு பகலில் காய்ந்துவிடும், இன்னொரு பகலும் வைப்பது நல்லது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பொத்திவிட்டுக் கையை விரியுங்கள்: கட்டி நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளங்கை ரேகையில் ஈரக்கறை ஒன்றும் இல்லாமல் இருந்தால் சரி. பூஞ்சண மணம் வந்ததைக் கழுவிக் காயவைத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

காய்ந்ததை இரண்டாகப் பிரியுங்கள். கஃபீனும் குளோரோஜெனிக் அமிலமும் தண்ணீர்ப் பக்கத்தில் கரைகிற சாமான்கள், தேங்காயெண்ணெயில் எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் கஃபீன் பெரிதாக இறங்காது. கோப்பியின் சொந்த எண்ணெய் எண்ணெயோடுதான் சேரும். இரண்டும் ஒரே போத்தலில் வரும் என்று சொல்லி விற்கிறவர்களை நம்பாதீர்கள்.

கிளிசறின் சாறுக்கு 50 கிராம் காய்ந்த சக்கை, 225 மில்லிலீற்றர் கிளிசறின், 75 மில்லிலீற்றர் தண்ணீர். கிளிசறின் இவ்வளவு கூடுதலாக இருந்தால்தான் கிருமி பெருகுவது கஷ்டம், மிச்சம் பிடிக்கலாம் என்று அதைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் பழுதாகிவிடும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்தில் பல கிணறுகளில் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிற அளவுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது, காரத்தன்மை கூடினால் குளோரோஜெனிக் அமிலம் சிதைந்து கறுத்துப் போகும். ஆர்ஓ இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு எடுங்கள். எல்லாவற்றையும் நன்றாகக் கழுவிக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டுக் குலுக்கி, அடியில் துணி மடித்து வைத்த சட்டித் தண்ணீருக்குள் நிறுத்தி, மூடியைத் தளர்த்திவிட்டு ஒரு மணித்தியாலம் சூடாக்குங்கள். தண்ணீரில் ஆவி எழும்ப வேண்டும், கொதிக்கக் கூடாது. சூட்டில் கிளிசறின் இளகிச் சக்கைக்குள் நன்றாக இறங்கும். அப்புறம் மூடியை இறுக்கி, கறுப்புத் துணியால் சுற்றி, மூன்று நாள் வெயிலில் வையுங்கள், காலையும் மாலையும் ஒரு குலுக்கு. வெயிலின் சூடு வேண்டும், வெளிச்சம் வேண்டாம், அதற்குத்தான் கறுப்புத் துணி. விறகே எரிக்க விருப்பமில்லை என்றால் உள்ளே கறுப்படித்துக் கண்ணாடி மூடிய ஒரு பெட்டிக்குள் வைத்தாலும் வேலை நடக்கும்.

வடிப்பதற்குப் பொறுமை வேண்டும். மடித்த சீலையில் ஊற்றி, பிழிந்து, ஒரு இரவு தெளியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் இன்னொரு முறை வடியுங்கள். கடும் மண்ணிறத்தில், மெதுவாக ஒழுகுகிற சாறு வரும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். நேரே பூசினால் பிசுபிசுக்கும். முகம் கழுவிய ஈரத்தோடு உள்ளங்கையில் மூன்று நாலு சொட்டைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள், குழைத்ததை எடுத்து வைக்க வேண்டாம்.

எண்ணெய்க்கு ஒரு பங்கு சக்கை, மூன்று பங்கு தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய், அதே சட்டித் தண்ணீர்ச் சூட்டில் இரண்டு மணித்தியாலம். நேரே தாச்சியில் வைத்தால் பொரிந்து கருகிவிடும். வடித்த எண்ணெய் கலங்கலாகவே நின்றால் சக்கையில் ஈரம் இருந்திருக்கிறது, அதை வைக்காதீர்கள். வெடித்த குதிக்கால், முழங்கை இவற்றுக்கு நல்லது. பரு வருகிற முகத்துக்குத் தேங்காயெண்ணெயில் எடுத்தது வேண்டவே வேண்டாம்.

தேசிக்காய்ச்சாறு சேர்க்கச் சொல்லுவார்கள். தயவுசெய்து வேண்டாம். தேசிக்காய் பட்ட தோலில் நம் வெயில் பட்டால் கொப்புளம் போட்டுக் கறுத்துவிடும், மாதக்கணக்கில் போகாது. எதையும் முதலில் முன்கையின் உட்பக்கம் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டே முகத்துக்குப் போங்கள். புண்ணிலும் குழந்தைகளுக்கும் பூச வேண்டாம். இது தோலை வெள்ளையாக்கும் என்று யாருக்கும் சொல்லவும் வேண்டாம், ஆக்காது, ஆக்கவும் தேவையில்லை.

சவர்க்காரம் செய்து விற்கிற பெண்கள் சங்கங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன, அவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் விற்பதென்றால் கிருமிப் பரிசோதனையும் பழுதாகாமல் காக்கிற முறையான சேர்க்கைப் பொருளும் வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன, போய்க் கேளுங்கள். பிழிந்து மிஞ்சிய சக்கையைச் சாணத்தோடும் சருகோடும் சேர்த்துக் கூட்டெருக் குவியலில் போடலாம், மிளகாய்க் கன்றின் அடியில் மட்டும் நேரே கொட்டாதீர்கள், மக்காத சக்கை இளங்கன்றின் வளர்ச்சியை மறிக்கும்.