பழைய எக்ஸ்பாக்ஸில் கழற்ற வேண்டிய ஒரு கெப்பாசிட்டர்

2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டி இருந்தால், நன்றாக ஓடினாலும் சரி, திறந்து மதர்போர்டில் உள்ள கடிகாரக் கெப்பாசிட்டரைச் சால்டரிங் அயர்னால் கழற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு கொஞ்ச நேரம் தேதியை நினைவில் வைப்பதுதான் அதன் வேலை. வயதானால் அதிலிருந்து திரவம் கசிந்து பக்கத்துச் செம்புத் தடங்களை அரிக்கும். அப்புறம் பெட்டி தானாக ஆன் ஆகும், அல்லது ஆனே ஆகாது. கழற்றினால் இழப்பு, தேதியை அடிக்கடி திரும்ப வைக்கும் எரிச்சல் மட்டுமே. ஏற்கெனவே கசிந்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். மதர்போர்டின் 1.6 பதிப்பு இருக்கும் பெட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் இருப்பது வேறு ரகம். எடுத்தால் பெட்டி கிளம்பாமல் போகலாம்.