மெழுகுவர்த்தி ஜாடியில் கோனோகாக்கஸ்

சாக்லேட் அகாரில் (சூடாக்கிய ரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகம்) கோனோரியா நோய்க் கிருமியான கோனோகாக்கஸ் வளரவில்லை என்றால், மீடியாவைக் குறை சொல்லும் முன் காற்றைப் பாருங்கள். அதற்குச் சுமார் 5% கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அதற்கான தனி இன்குபேட்டர் இல்லாத லேபில் மெழுகுவர்த்தி ஜாடியே, அதாவது உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி இறுக மூடிய ஜாடியே போதும். அது ஏறக்குறைய 3% தரும்; இது வளர அதுவே போதும்.

மெழுகுவர்த்தி வெள்ளையாக, வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். வாசனைப் புகை கிருமியைத் தடுக்கும். ஜாடியின் அடியில் ஈரப் பஞ்சு வையுங்கள். அகார் தட்டு காய்ந்தால் எல்லாம் வீண். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தட்டு அறை வெப்பநிலைக்கு வந்தபின் அதில் மாதிரியைக் கோடிழுத்து, கவிழ்த்து ஜாடியில் அடுக்குங்கள். மெழுகுவர்த்தியை ஏற்றி, மூடி விளிம்பில் வாசலின் தடவி இறுக்குங்கள். சுடர் சீக்கிரமே சுருங்கித் தானாக அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் மூடி கசிகிறது. 35–37 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பனித்துளிபோல் மினுங்கும் சிறு காலனிகள் தெரியும். இல்லையென்றால் உடனே எறியாதீர்கள்; 72 மணி வரை பொறுங்கள். ஒவ்வொரு முறை திறந்தபின்னும் மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்ற வேண்டும், பலர் மறப்பது இதைத்தான்.

வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் கிருமிக்கு இந்த ஜாடியை நம்பாதீர்கள். அதற்கு ஆக்சிஜன் 5% அளவுக்கு இறங்க வேண்டும். சுடரோ 16% அருகிலேயே அணைந்துவிடும். தேவையான வாயுக் கலவையை உண்டாக்கும் கேஸ் பாக்கெட்தான் வழி.