கொச்சியில் இறங்கும் மீன் யாருடைய மீன்? கடலுணவு வணிகத்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொச்சித் தோப்பும்படித் துறைமுகத்தில் விடியுமுன் நடக்கும் ஏலத்தில் விலை கூறுவது மலையாளத்தில்தான் என்றாலும், படகின் அடித்தட்டிலிருந்து கேரை என்னும் சூரை மீனையும் சுறாவையும் தூக்கி மேலே தருகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் எங்கள் கடற்கரைத் தமிழாகவே இருக்கும். குமரி மாவட்டத்தில் கேரளத்தை ஒட்டிய நீரோடி தொடங்கி இரயுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்களின் ஆழ்கடல் படகுகள் ஆண்டின் பெரும்பகுதியில் சொந்தக் கரைக்கு மீனைக் கொண்டுவருவதில்லை. கொச்சியில் இறக்கும், சில நேரம் அதற்கும் வடக்கே போய் இறக்கும். மீன்வளப் புள்ளிவிவரம் மீன் கரையேறிய இடத்தை வைத்துத் தொகுக்கப்படுவதால், கொச்சியில் இறங்கும் அந்த மீன் முழுவதும் கேரளத்தின் கணக்கில் ஏறுகிறது. மாநில வாரியான அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு, கேரள மீனவர் இவ்வளவு பிடித்தார்கள், குமரி மீனவர் இவ்வளவுதான் பிடித்தார்கள் என்று எழுதுவதே நான் அடிக்கடி காணும் முதல் தவறு. அட்டவணை பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் கேட்கும் கேள்விதான் தவறு.

இந்தத் தவறுக்கு ஒருமுறை பெரிய விலை கொடுக்க நேர்ந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வைத்திருந்தவர்கள் பலர் கேரளத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட படகுகளில் கடலில் இருந்தார்கள். காணாமற்போனவர்களின் எண்ணிக்கையை இரு மாநில அரசுகளும் தனித்தனியே சொல்ல, ஊர்களில் பங்குக் கோவில்களில் எழுதிய பட்டியல் வேறொன்றாக இருந்தது. தப்பியவர்கள் இலட்சத்தீவிலும் மகாராட்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறினார்கள். மீன் எங்கே இறங்குகிறது, படகு எங்கே பதிவாகியிருக்கிறது, தொழிலாளி எங்கே வாழ்கிறார் என்னும் மூன்றையும் தனித்தனியே கேட்காமல் ஆழ்கடல் தொழிலைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது என்பது என் கருத்து. மீன்பிடித் தடைக்காலத்திலும் இதே சிக்கல் உண்டு. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். நீரோடியைத் தாண்டிப் பொழியூருக்குள் கால் வைத்தால், கேரளத்தின் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி 52 நாள் நீடிக்கிறது. அயிலை மீனுக்கு இந்த எல்லை தெரியாது.

அடுத்த தவறு, 'மீன் ஏற்றுமதி' என்ற சொல்லைக் கேட்டதும் கடலை நினைப்பது. 2023-24 நிதியாண்டில் இந்தியா 17.81 இலட்சம் டன் கடலுணவை, ஏறத்தாழ 60,500 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்தது. அதன் டாலர் மதிப்பில் ஏறத்தாழ 66 சதவீதம் உறைநிலை இறாலுக்கு உரியது. அந்த இறாலில் பெரும்பகுதி ஆந்திரத்தின் குளங்களில் வளர்ந்த வன்னாமி என்னும் இறால் இனம். 2009-ல்தான் இந்தியாவில் வளர்க்க அனுமதி பெற்ற அந்த இனத்தின் தாயகம் பசிபிக் கடலின் அமெரிக்கக் கரை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, கட்டுமரத்தின் படத்தைப் போட்டு 'மீனவர் வயிற்றில் அடி' என்று செய்தி வெளியிட்டவர்கள் இதை மறந்துவிட்டார்கள். முதல் அடி விழுந்தது குளத்தை வைத்திருக்கும் விவசாயிக்கும், தோல் உரிக்கும் கூடத்தில் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கும். எங்கள் கரைக்கு அது சுற்றி வரும்: வெளிநாட்டுக்குப் போகாத வளர்ப்பிறால் உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பினால், வலையில் வரும் இறாலின் விலையையும் அது இழுத்துக்கொண்டு கீழே போகும்.

வலையில் வரும் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை அதற்கு முன்பே மூடிவிட்டது. கடலாமை தப்பிச் செல்ல இழுவை வலையின் மடியில் வழி வைக்காத நாடுகளின் இறாலை வாங்குவதில்லை என்பது 1989-ல் அந்நாடு இயற்றிய சட்டம். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் உலக வணிக அமைப்பில் வழக்காடின. அச்சட்டத்தை அமெரிக்கா நடைமுறைப்படுத்திய விதம் நாடுகளிடையே பாகுபாடு காட்டுவது என்று 1998-ல் தீர்ப்பு வந்ததே தவிர, ஆமையைக் காக்கும் நோக்கம் செல்லாது என்று தீர்ப்பு வரவில்லை. 2019 முதல் இந்தியாவின் கடலிறால் அந்தச் சந்தைக்குள் போக முடியவில்லை. கொல்லம் கரையில் கரிக்காடி என்னும் கடலிறாலின் விலை விழுந்ததற்கும் ஆந்திரக் குளத்து இறால் விலை விழுந்ததற்கும் ஒரே காரணத்தைச் சொல்கிறவர், இரண்டு வெவ்வேறு சட்டங்களைக் குழப்பிக்கொள்கிறார்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன்: இடைத்தரகரை ஒழித்தால் மீனவருக்கு விலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. ஒரு படகின் தங்கல் கணக்கு, அதாவது நாட்கணக்கில் கடலில் தங்கிப் பிடித்துத் திரும்பும் ஒரு பயணத்தின் கணக்கு, எழுதிய தாளை ஒருமுறையேனும் கையில் வாங்கிப் பார்த்தவர் இப்படிச் சொல்லமாட்டார். தாளின் தலையில் மீன் விற்ற மொத்தத் தொகை இருக்கும். அதன் கீழே டீசல், ஐஸ், தண்ணீர், அரிசி பலசரக்கு, ஆட்களுக்கான பேட்டா (படி), ஏலத் தரகு என்று வரிசையாகக் கழியும். கழித்தது போக மிஞ்சுவதே படகுக்கும் ஆட்களுக்கும் பங்காகப் பிரியும். சில தங்கலில் மிஞ்சுவது ஒன்றுமில்லை, அடிவரியில் கழித்தல் குறியோடு ஒரு தொகை நின்று அடுத்த தங்கலின் தாளுக்கு ஏறும். படகு கட்டவும் எஞ்சின் வாங்கவும் முன்பணம் கொடுத்தவரே பெரும்பாலும் அந்த ஏலத் தரகர். அவர் வட்டி என்று எதையும் எழுதுவதில்லை. மீனைத் தன் வழியாகவே விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் தரகும்தான் வட்டி. வாங்குகிற நிறுவனம் பணம் தர நாளாகும்போது படகுக்காரருக்கு அன்றே பணம் தருகிறவரும் அவரே. ஒரு மாதம் கடலில் தங்கும் படகுக்கு ஐஸும் டீசலும் கடனாகத் தர வங்கி எதுவும் முன்வராத நிலையில், தரகரை மட்டும் நீக்கினால் படகு கரையிலேயே கிடக்கும்.

இந்தக் கட்டை எப்படி அவிழ்ப்பது என்பதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1980-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, திருவனந்தபுரம், கொல்லம், குமரிக் கரைகளில் ஏலத்தையும் கடனையும் சேர்த்தே மீனவர் சங்கத்தின் கைக்கு மாற்றியது. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் எடுத்திருந்தால் அது நின்றிருக்காது. ஆனால் கரையிலிருந்து போய் அன்றே திரும்பும் வள்ளத்துக்குப் போதுமான அந்தக் கடன், ஆழ்கடல் படகின் செலவுக்கு முன்னால் சிறிது.

கேரை என்று நாங்கள் சொல்லும் மஞ்சள்துடுப்புச் சூரைக்கு ஜப்பானில் கிடைக்கும் விலையையும் கொச்சி விலையையும் பக்கத்தில் வைத்து, நம்மவர்களுக்குப் பக்குவம் தெரியவில்லை என்று முடிவு கட்டுவதும் இதே அறியாமையிலிருந்து வருவதுதான். பச்சையாக உண்ணத் தகுந்த சூரையைப் பிடித்தவுடன் இரத்தம் வடித்து, குடலை நீக்கி, மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் பெட்டியில் மூன்று வாரம் கிடந்த மீனுக்கு அந்த விலை வராது என்பது படகில் இருப்பவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சீக்கிரம் திரும்பினால் டீசல் கடன் தீராது. அதனால்தான் அவர் தங்குகிறார்.

சுறாவைப் பற்றி எழுதுகிறவர்கள் சுறா பிடிப்பதே தடை என்று எழுதிவிடுகிறார்கள். இந்தியா 2015 பிப்ரவரியில் தடைசெய்தது சுறாத் துடுப்பின் ஏற்றுமதியை. வனவுயிர்ச் சட்டத்தின் பட்டியலில் உள்ள இனங்களைத் தவிர மற்றவற்றைப் பிடிப்பதும் இறைச்சியை உள்ளூரில் விற்பதும் குற்றமல்ல. துடுப்பின் விலை போனதும் அந்த எட்டு ஊர்களில் ஒன்றான தூத்தூர்ப் பக்கத்துச் சுறாத் தூண்டில்காரரின் வருமானத்தில் பெரும்பங்கு போயிற்று என்பது உண்மை. எனினும் தடை முழுவதும் வெளிநாட்டாரின் சூழ்ச்சி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. சுறா தாமதமாக முதிர்ந்து சில குட்டிகளையே ஈனும் உயிர். எங்கள் படகுகள் தெற்கே சாகோஸ் தீவுகள் வரை போய்ப் பிடிபட்டு அங்குள்ள தீகோ கார்சியாத் தீவில் கட்டிவைக்கப்பட்டதற்கு, அருகில் மீன் குறைந்ததும் ஒரு காரணம்.

மானியம் பற்றிய பேச்சில் இரு தரப்பிலும் தவறு நேர்கிறது. 2018-ல் உலக நாடுகள் மீன்பிடிக்கு வழங்கிய மானியம் 3,540 கோடி டாலர் என்றும், அதில் 2,220 கோடி டாலர் பிடிக்கும் திறனைக் கூட்டவே போயிற்று என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். கொடுத்தவர்களில் முதலிடம் சீனாவுக்கு. 2022 ஜூனில் ஜெனீவாவில் ஏற்கப்பட்டு 2025 செப்டம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் ஒப்பந்தம் டீசல் மானியத்தை நிறுத்திவிட்டதாகச் சிலர் மேடையில் பேசுகிறார்கள். சட்டவிரோத மீன்பிடிக்கும், அளவுமீறிப் பிடித்துத் தீர்ந்த மீன்வளத்துக்கும், எவ்வகை ஒழுங்கும் இல்லாத நடுக்கடலுக்கும் தரும் மானியத்தைத்தான் அது தடுக்கிறது. திறனைக் கூட்டும் மானியத்தைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. தொலைகடலில் பெரிய கப்பல்களை ஓட்டும் நாடுகள் முதலில் நிறுத்தட்டும், வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு வேண்டும் என்று இந்தியா கேட்டது நியாயமே. ஆனால் அந்த நியாயத்தைச் சிறுமீனவரின் பெயரில் பேசும்போது, வரியில்லா டீசலில் எத்தனை லிட்டர் விசைப்படகு உரிமையாளருக்குப் போகிறது, எத்தனை லிட்டர் வள்ளக்காரருக்குப் போகிறது என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

பற்றாக்குறைக்கு ஒற்றைக் காரணம் தேடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2021-ல் கேரளத்தில் கரையேறிய சாளை (மத்தி) 3,297 டன் மட்டுமே. 2012-ல் அது ஏறத்தாழ 4 இலட்சம் டன். கடலின் வெப்பம், உணவு, குஞ்சு மீனைப் பிடித்து மீன்தூள் ஆலைக்கு அனுப்புவது ஆகிய எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கேரளம் விதித்த தடையைக் குமரிக் கரையில் இறக்கித் தாண்டலாம் என்றால், அந்தச் சட்டம் பாதிச் சட்டம். சாளை குறைந்த அந்தக் காலத்தில் எல்லையோரச் சந்தையில் விற்றது ஓமன் சாளை. உருவத்தில் பெரிது, கண்ணில் பளபளப்புக் குறைவு. "எங்க சாளைய சட்டியில போட்டா அதுவே நெய் விடும், இதுக்கு எண்ணெ ஊத்தணும்" என்று சொல்லிக்கொண்டே, தன் ஊர்க் கடலில் கிடைக்காத மீனை அங்கே மீன் விற்ற அக்காள் எடை போட்டுத் தந்தார்.