சயாம் மரண ரயில் தடத்தில் நான்கு நாள்: காரில் போகும் தம்பதிக்கு

காஞ்சனபுரிக்குப் போகிறவர்களில் பலர் க்வே ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, பெரிய கல்லறைத் தோட்டத்தைக் கால் மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, அன்று மாலையே பாங்காக் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால், அந்தப் பாதையில் அதிகம் செத்தது யாரோ அவர்கள் கிடக்கும் இடத்தைப் பார்க்காமலே வந்துவிடுவீர்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம், அன்று சயாம் என்று சொல்லப்பட்ட தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயட் வரை போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. 1942-ல் வேலை தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் இரு முனைகளும் இணைந்தன. நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்து, சுமார் 12,500 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். கைதிகளுக்குத் தனித்தனிக் கல்லறையும் பெயரும் உண்டு. தோட்டத்து ஆட்களுக்கு அது இல்லை. அதனால் இந்தப் பயணத்தைக் கல்லறைப் பட்டியலை மட்டும் வைத்துத் திட்டமிடக் கூடாது. நான்கு நாள் ஒதுக்குங்கள். மூன்றே நாள்தான் என்றால் கடைசி நாளை விடுங்கள், இரண்டாம் நாளை விடாதீர்கள்.

வீட்டில் இருக்கும்போதே

உங்கள் குடும்பத்தில் யாராவது "சயாமுக்குப் போனவர்" என்றால், முதலில் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், யார் ஆள் சேர்த்துக் கொண்டுபோனது, திரும்பி வந்தவர்கள் சொன்ன முகாம் பெயர் என்ன என்று கேட்டு, அவர்கள் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். பெயர்கள் வாயில் மாறியிருக்கும். பழைய பதிவுகளில் வரும் தார்சாவ் என்பது இன்றைய நாம் தோக். கன்யூ, கொன்யூ இரண்டும் ஒன்றே. கின்சாயோக், தக்கானுன், கொங்கொய்தா, நிக்கி ஆகியவை அதற்கு வடக்கே வரிசையாக வரும். முகாம் பெயர் ஒன்று கிடைத்தாலே, காரை எந்தக் கிலோமீட்டரில் நிறுத்துவது என்று தெரிந்துவிடும்.

ராணுவத்தில் இருந்தவரைத் தேடுகிறீர்கள் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். தோட்டத் தொழிலாளிகள் ராணுவத்தினர் அல்ல என்பதால் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். இது தெரியாமல் கல்லறைத் தோட்டத்தில் அரை நாள் தேடி, மனம் உடைந்து திரும்பியவர்கள் உண்டு.

தாய்லாந்துக்குள் நுழைய, வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இருவருக்கும் தனித்தனியாக. இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்ல வேண்டும். மலேசிய, சிங்கப்பூர் உரிமங்கள் ஆசியான் ஒப்பந்தப்படி செல்லும். வாடகைக் காருக்கு முன்பணத்தைப் பெரும்பாலும் கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள், அந்தக் கார்டு ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும். இரண்டாவது ஓட்டுநராக மற்றவரின் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் அவர் ஓட்டி விபத்து ஆனால் காப்பீடு கைகொடுக்காது. மூன்றாம் நாள் திட்டத்துக்கு இருவருமே ஓட்டியாக வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. மார்ச், ஏப்ரலில், ரயிலுக்காகப் பாறையை வெட்டித் திறந்த ஹெல்ஃபயர் பாஸுக்குள் வெயில் தாங்காது. மழைக்காலத்தில் படிகள் வழுக்கும். நவம்பர் கடைசியில் பாலத்தருகே விழா நடக்கும், அந்த வாரம் அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. ஏப்ரல் 25 ஆஸ்திரேலியர்களின் நினைவு நாள், விடியலுக்கு முன்பே ஹெல்ஃபயர் பாஸில் கூட்டம் கூடிவிடும்.

முதல் நாள்: சாலை

பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரி சுமார் 130 கிலோமீட்டர். விமானம் இறங்கிய கையோடு நகர நெரிசலில் ஓட்டாமல் ஓர் இரவு தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். நேர்வழியில் போகாமல் பான் போங் பக்கம் வந்தால் நோங் பிளாடுக் சந்திப்பைப் பார்க்கலாம். மரண ரயில் தொடங்கும் இடம் அதுதான். மலாயாவிலிருந்து சரக்குப் பெட்டிகளில் நாள்கணக்கில் அடைபட்டு வந்தவர்களை இந்தப் பக்கத்தில்தான் இறக்கினார்கள். இன்று பார்த்தால் ஒரு சாதாரண ரயில் நிலையம், பத்து நிமிடம் போதும். ஆனாலும் பாதையை அதன் முதல் அடியிலிருந்து பார்த்தால்தான் பிறகு வரும் தூரம் உறைக்கும்.

தாய்லாந்திலும் வண்டி இடப்பக்கமே போகும். அதனால் பழக்கம் இருக்கிறது என்று நினைத்து ஏமாறுவதுதான் இங்கே ஆபத்து. எதிரே வருபவர் முன்விளக்கை மின்னினால் "நீ போ" என்று பொருளல்ல, "நான் வருகிறேன், நில்" என்று பொருள். சாலை நடுவே யூ-டர்ன் இடைவெளிகள் வலது தடத்திலேயே இருப்பதால், வேகமாகப் போகும் தடத்தில் திடீரென்று ஒரு வண்டி நிற்கும். ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் எதிர்த்திசையில் வரும். கரும்பு வெட்டும் மாதங்களில் நெடுஞ்சாலை 323 முழுக்க லாரிகள். பின்விளக்கைக் கரும்புத் தோகை மூடியிருக்கும். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் ஓட்டாதீர்கள்.

இரண்டாம் நாள்: நகரத்துக்குள்

காலை ஏழரை, எட்டு மணிக்கே காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். சாங் சூதோ சாலையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காமன்வெல்த் வீரர்கள் 5,084 பேரும் டச்சுக்காரர்கள் 1,896 பேரும் இங்கே. பாங்காக் முதல் நிக்கி வரையான முகாம்களில் புதைக்கப்பட்டவர்களைப் போருக்குப் பின் தோண்டி எடுத்து ஒன்று சேர்த்த தோட்டம் இது. நிக்கிக்கு வடக்கே இறந்தவர்கள் தன்பியூசாயட்டில் இருக்கிறார்கள். அமெரிக்கர்கள் தங்கள் ஆட்களின் எச்சங்களை நாட்டுக்கே கொண்டுபோய்விட்டதால் இங்கே ஒருவரும் இல்லை.

இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. "2. எஃப். 45" என்றிருந்தால் இரண்டாம் தொகுதி, எஃப் வரிசை, 45-வது கல்லறை. தொகுதிக்குள் போய்விட்டால் ஒருவர் வரிசையின் ஒரு முனையிலிருந்தும் மற்றவர் எதிர்முனையிலிருந்தும் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

இங்கே நிமிர்ந்த கற்கள் இல்லை. முழங்காலுக்குக் கீழே, சாய்ந்த சிறு பீடத்தில் வெண்கலத் தகடு. படைஎண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. கடைசியில் குடும்பத்தார் கேட்டு எழுதிய ஒரு வரி. அந்தக் கடைசி வரியைக் குனிந்து படியுங்கள். செடி மறைத்திருந்தால் இலையை விரலால் ஒதுக்கினால் போதும், கிள்ள வேண்டாம். எழுத்து தகட்டிலிருந்து மேலெழும்பி இருப்பதால் உச்சி வெயிலில் படம் எடுத்தால் எல்லாம் ஒரே பளபளப்பாகப் போய்விடும். சாய்ந்த வெயிலில், காலை ஒன்பதுக்கு முன்போ மாலை நான்குக்குப் பிறகோ எடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு நிற்கும். தெளிவாகத் தெரியட்டும் என்று எண்ணெய், மாவு, சுண்ணாம்பு எதையும் தடவக் கூடாது. குங்குமமும் கற்பூரமும் தகட்டின் மேல் வேண்டாம், வெண்கலம் கறுத்துவிடும். பூவைப் பீடத்தடியில் வைக்கலாம்.

இரண்டு இடங்களைத் தேடிப் போய்ப் பாருங்கள். ஒன்று, எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இருக்கும் இரண்டு கல்லறைகள். அவர்கள் 1943 மே, ஜூனில் நிக்கி முகாமில் இறந்தவர்கள், பெயர்கள் மண்டபத்துப் பலகைகளில் இருக்கின்றன. மற்றது, காஞ்சனபுரி நினைவகத்தில் இருக்கும் 11 இந்தியப் பெயர்கள். தாய்லாந்தின் முஸ்லிம் அடக்கத்தலங்களில் புதைக்கப்பட்டு, பராமரிக்க முடியாமல்போன கல்லறைகளுக்கு உரியவர்கள் அவர்கள். வருகைப் பதிவேடு இருக்கும், தமிழிலேயே எழுதுங்கள்.

அடுத்து, தோட்டத்தை ஒட்டியே இருக்கும் வாட் தவோன் வராராம் கோயில். பக்கத்திலேயே இருந்தும் பெரும்பாலோர் கால் வைக்காத இடம். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்த நினைவுச் சின்னம் இதற்குள்தான் இருக்கிறது. அங்கே புதைந்த தமிழர்களுக்காக 2023-ல் ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். ஆயுதம் தொடாமல் செத்த கூலி ஆட்களுக்கும் அந்தக் கல் கிடைத்திருக்கிறது. தோளும் முழங்காலும் மூடிய உடை, உள்ளே செருப்பைக் கழற்றுவது, விளக்கோ ஊதுபத்தியோ ஏற்றுவதானால் எங்கே என்று கோயில் ஆட்களிடம் கேட்டுக்கொள்வது, இவ்வளவுதான் முறை. வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த பெயர் இருந்தால் அதை உரக்கச் சொல்ல வேண்டிய இடம் இதுவே.

கல்லறைத் தோட்டத்தின் மறுபக்கம் இருக்கும் தாய்லாந்து-பர்மா ரயில்பாதை மையத்தை வெயில் ஏறிய நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல அருங்காட்சியகம், தொழிலாளர்கள் கதையையும் விடாமல் சொல்கிறது. மாலை நான்கு மணியோடு மூடிவிடுவார்கள்.

மாலையில் பாலம். வளைந்த இரும்புக் கட்டுகள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை; நடுவே வளைவில்லாமல் கோணக் கட்டமாக நிற்கும் இரண்டும் குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. ரயில் மெதுவாகத்தான் வரும், ஒதுங்கி நிற்கப் பக்கத்தில் மேடைகள் உண்டு. கைபேசியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், இடுக்கில் விழுந்தால் நேராக ஆற்றுக்குள்தான்.

அங்கிருந்து நடை தூரத்தில், 1944-ல் ஜப்பானியர்களே எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. சுற்றுச்சுவரில் பல மொழிகளில் கல்வெட்டு. அதில் ஒன்று தமிழ். யார் செத்தார்கள் என்பது கட்டியவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சுங்காய் கல்லறைத் தோட்டம் க்வே நோய் ஆற்றங்கரையில், ஊருக்கு வெளியே சில கிலோமீட்டரில். முகாம் இருந்த இடத்திலேயே, கைதிகள் தாங்களே தொடங்கிய அடக்கத்தலம் அது. காமன்வெல்த் வீரர்கள் 1,426 பேர், டச்சுக்காரர்கள் 313 பேர். பேருந்துக் கூட்டம் இங்கே வராது. நேரம் மிஞ்சினால் பொழுது சாயும் வேளையில் போங்கள்.

மூன்றாம் நாள்: ரயிலும் காரும்

கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, இந்த ரயிலில் ஏறாமல் விடுவது. இருவர் இருந்தால் வழி இருக்கிறது. விடிகாலை ரயிலில் ஒருவர் காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் வரை போகட்டும். மற்றவர் காரை ஓட்டிக்கொண்டு நாம் தோக் நிலையத்துக்கு வரட்டும். பிற்பகல் ரயிலில் மற்றவர் திரும்ப, முதலாமவர் காரைக் கொண்டுவருவார். இருவரும் பாதையைப் பார்த்தாயிற்று, காரும் எங்கும் தனியே நிற்கவில்லை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் 100 பாட். ரயில் நேரத்தை முந்தின நாளே நிலையத்துப் பலகையில் பாருங்கள். போகும்போது இடப்பக்க ஜன்னல், திரும்பும்போது வலப்பக்கம்: தம் க்ராசே மரப்பாலத்தில் ஒரு கைநீட்டலில் பாறைச்சுவர் மறுபக்கம் போக, உங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே ஆறு.

நாம் தோக்கிலிருந்து நெடுஞ்சாலை 323-ல் வடக்கே இன்னும் 20 கிலோமீட்டர் அளவில் ஹெல்ஃபயர் பாஸ். ஒன்பது மணிக்குத் திறக்கும். நீங்கள் முதல் ஆளாக நிற்கலாம். நுழைவு இலவசம், அருங்காட்சியகத்தில் ஒலிவழிகாட்டிக் கருவி தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். படிகள் நீளமானவை. இறங்கும்போது தெரியாது, ஏறும்போதுதான் முழங்கால் சொல்லும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள காலணி. ஜல்லியில் செருப்பு உதவாது.

சுமார் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம் வரை, கையால் வெட்டிய பாறை. ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் சம்மட்டியால் அடித்து, வெடிமருந்து வைக்கத் துளையிட்டார்கள். சுவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே நடந்தால் அந்தத் துளைகளின் பாதி வட்டம் இன்றும் தெரியும். உடைந்து உள்ளேயே சிக்கிக்கொண்ட துளைக்கம்பி ஒன்றும் உண்டு, தேடிப் பாருங்கள். இரவிலும் வேலை நடந்ததால், தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் அசைந்ததைப் பார்த்துத்தான் ஹெல்ஃபயர், அதாவது நரக நெருப்பு, என்ற அந்தப் பெயர் வந்தது. வெட்டைத் தாண்டி ஹின்தோக் பக்கம் நடக்க நினைத்தால், எதுவரை திறந்திருக்கிறது என்று முகப்பில் கேட்டுவிட்டு, பிற்பகல் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.

நான்காம் நாள்: வடக்கே

காஞ்சனபுரியிலிருந்து சங்க்லாபுரி சுமார் 220 கிலோமீட்டர். தோங் பா பூமுக்குப் பிறகு 75 கிலோமீட்டர் மலை வளைவுகள். தோங் பா பூமிலேயே எண்ணெயை நிரப்பிக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடிகள் வரும், இருவரின் அசல் பாஸ்போர்ட்டும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும், நகல் போதாது. அன்றே திரும்ப நினைத்தால் இருட்டில் ஓட்ட வேண்டியிருக்கும், ஆகவே சங்க்லாபுரியில் தங்குங்கள்.

தண்டவாளங்கள் இணைந்த கொங்கொய்தா இந்தப் பகுதியில்தான் இருந்தது. இன்று அங்கே வஜ்ரலங்கோன் நீர்த்தேக்கம் பரந்து கிடக்கிறது. வடக்கு முகாம்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வந்தவர்களுக்குத் தேட வேறு இடமில்லை. தண்ணீர் தெரியும் ஒரு வளைவில், சாலையைவிட்டு நன்றாக ஒதுங்கி, காரை நிறுத்துங்கள். அதற்கும் வடக்கே மூன்று பகோடா கணவாயில் பாதை பர்மாவுக்குள் போகிறது. தன்பியூசாயட் கல்லறைத் தோட்டம் அந்தப் பக்கம். நீங்கள் அந்த எல்லை வழியாக அங்கே போக முயலக் கூடாது. உள்ளே சண்டை நடக்கும் பகுதி. எல்லைக்கோட்டருகே பழைய தண்டவாளத் துண்டு கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். அதுவரை போய், அங்கிருந்து திரும்பலாம்.