டார்க் சோல்ஸ் முதல் ஆட்டம்: ஆயுதத்தை இடத்தோடு சேர்த்துப் பழகும் முறை

ஹிடெடாகா மியாசாகியின் இயக்கத்தில் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட டார்க் சோல்ஸ் என்னும் வீடியோ கேமை முதன்முதலாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் "எந்த ஆயுதம் சிறந்தது?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த இடத்தில் நின்று வீசப்போகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்டால் மட்டுமே அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்தில் அமைந்தது.

முதல் படி: பத்து தொடக்க வகுப்புகளில் (பாத்திர வகைகளில்) வாரியரைத் தேர்ந்தெடுங்கள். நீள்வாளும் நல்ல கேடயமும் தொடங்கிய சற்று நேரத்திலேயே கைக்கு வந்துவிடும். தொடக்கப் பரிசாக மாஸ்டர் கீ என்னும், பல பூட்டிய கதவுகளைத் திறக்கும் சாவியை எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. முதல் ஆட்டத்தில் அது வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் கடைசிப் படியில் வரும்.

இரண்டாம் படி: ஆயுதத்தின் விவரப் பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள். தேவையான வலிமை, லாகவம் ஆகியவற்றின் அளவுகள் எண்களாகவும், அந்தப் பண்புகளை உயர்த்தினால் தாக்குதல் எவ்வளவு கூடும் என்பது எஸ் (மிக அதிகம்) முதல் ஈ (மிகக் குறைவு) வரையிலான எழுத்துகளாகவும் அங்கே இருக்கும். ஆயுதத்தை இரு கைகளாலும் பிடித்தால் உங்கள் வலிமை ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். ஆகவே 24 வலிமை கேட்கும் ஸ்வைஹேண்டர் என்னும் பெருவாளை 16 வலிமையிலேயே இரு கைகளால் வீசலாம். 13 வலிமையோடு தொடங்கும் வாரியருக்கு அது மூன்று நிலை உயர்வுதான். அணிந்திருப்பவற்றின் சுமையையும் பாருங்கள்: தாங்கும் அளவில் கால் பங்குக்குள் இருந்தால் அடியிலிருந்து தப்ப வேகமாக உருளலாம், பாதியைத் தாண்டினால் உருளுவது மிகவும் மந்தமாகிவிடும்.

மூன்றாம் படிதான் முக்கியமானது. அறிமுகப் பகுதி முடிந்ததும் பயணம் தொடங்கும் இடமான ஃபயர்லிங்க் ஷ்ரைனிலிருந்து மூன்று பக்கம் வழி பிரிகிறது: மேலே அன்டெட் பர்க் என்னும் ஊர், கீழே நியூ லண்டோ என்னும் இடிபாடுகள், பக்கத்தில் எலும்புக்கூடுகள் காவல் நிற்கும் கல்லறைத்தோட்டம். எங்கே போக வேண்டும் என்று யாரும் தடுத்துச் சொல்வதில்லை. நான் கல்லறைத்தோட்டத்துக்குப் போய் ஒரு மாலை முழுவதும் செத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மேலே போங்கள். அன்டெட் பர்க்கின் ஒடுங்கிய வீடுகளுக்குள் அகலமாக வீசும் வாள் சுவரில் பட்டுத் தெறித்துத் திரும்பும். அந்த ஒரு நொடிக்குள் எதிரி உங்களைக் குத்திவிடுவான். அங்குள்ள வணிகரிடம் ஈட்டி ஒன்றை வாங்கி, கேடயத்தைத் தாழ்த்தாமலே அதன் பின்னாலிருந்து குத்திப் பாருங்கள். பிறகு வெளியே திறந்த மாடிக்கு வந்து, மூன்று பேர் சூழும்போது அதே ஈட்டி எவ்வளவு போதாமல் போகிறது என்பதையும், பக்கவாட்டில் அகன்று செல்லும் வாள் அங்கே எப்படிக் கைகொடுக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஓர் அரைமணி நேரம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால், ஆயுதப் பட்டியலைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

நான்காம் படி: குறுக்குவழிகளைத் தேடுங்கள். ஓய்வெடுக்கும் இடமான பான்ஃபயரில் அமர்ந்தால், காயத்தை ஆற்றும் எஸ்டஸ் குடுவை நிரம்பும், ஆனால் கொன்ற சாதாரண எதிரிகள் மீண்டும் எழுவார்கள். ஆகவே முன்னேற்றம் என்பது கொன்றவர்களின் எண்ணிக்கையைவிடத் திறந்துவிட்ட வழிகளைப் பொறுத்தது. டிரேக் என்னும் டிராகன் போன்ற மிருகம் நெருப்பு உமிழும் பாலத்தின் அடியில் இருக்கும் ஏணியை உதைத்துக் கீழே தள்ளினால் அது நேராக முந்தைய பான்ஃபயருக்கு இறங்கும். அடுத்த பகுதியான அன்டெட் பாரிஷின் தேவாலயத்திலிருந்து இறங்கும் லிஃப்ட் இன்னும் அழகானது: பல மணி நேரம் ஏறி ஏறி வந்ததாக நினைத்திருக்கும்போது, அது உங்களைத் தொடங்கிய ஃபயர்லிங்கிலேயே கொண்டுவிடும்.

ஐந்தாம் படி: பாரிஷுக்கு அருகில் இருக்கும் கொல்லர் ஆண்ட்ரேயிடம் உங்களுக்குப் பழகிய ஒரே ஆயுதத்தை டைட்டனைட் என்னும் மேம்படுத்தும் கல்லின் துண்டுகளால் +5 வரை உயர்த்துங்கள். பலவற்றில் பிரித்துச் செலவிட வேண்டாம்.

ஆறாம் படி, மறுமுறை ஆடுவது. முடித்தவுடன் தொடங்கும் நியூ கேம் பிளஸில் நிலையும் ஆயுதங்களும் உங்களோடு வரும், எதிரிகளின் பலமும் கூடும். ஆனால் புதிய பாத்திரத்தோடு தொடங்குவதே எனக்குச் சுவையாகப் படுகிறது. இம்முறை மாஸ்டர் கீயை எடுங்கள். நியூ லண்டோவிலிருந்து டிரேக்குகளின் பள்ளத்தாக்கு வழியாக பிளைட்டவுன் என்னும் ஆழமான சதுப்புப் பகுதியின் அடித்தளத்தை அடைந்து, ஆட்டத்தில் அடிக்க வேண்டிய இரண்டு மணிகளில் இரண்டாவதை முதலில் அடித்துவிடலாம். முதல் ஆட்டத்தில் மேலிருந்து அஞ்சி அஞ்சி இறங்கியவர்களுக்குத்தான் இந்தப் பின்வாசலின் அருமை தெரியும். அதனால்தான் சாவியை அப்போது வேண்டாம் என்றேன்.

மூன்றாம் முறைக்கு டிப்ரைவ்ட் என்னும் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். கையில் ஒரு தடியும் பலகைக் கேடயமும் மட்டுமே இருக்கும். நான் அந்தத் தடியோடு நேராகக் கல்லறைத்தோட்டத்துக்குத்தான் போனேன், அங்கே ஒரு சடலத்தின் அருகில் கிடக்கும் ஸ்வைஹேண்டரை எடுத்து வர.