‘இந்தா வந்துடும்’: ஆன்லைன் ஸ்லாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சித்தி மகன் ஆன்லைன் ஸ்லாட் ஆடிக்கொண்டிருந்த மொபைலை என் பக்கம் நீட்டினான். ஒவ்வொரு சுற்றுக்கும் (ஸ்பின்) பணம் கட்டி, திரையில் சின்னங்கள் ஒத்து விழுகிறதா என்று பார்க்கும் சூதாட்டம் அது. பேலன்ஸில் பாதியைக் காணோம். “அண்ணா, 300 ஸ்பின் ஆயிடுச்சு, இன்னும் போனஸ் வரல. இப்ப விட்டா வேற எவனாவது வந்து தட்டிட்டுப் போயிடுவான்” என்றான். பல வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே வசனம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

கடன் வாங்கி ஆடாதே, வாடகைப் பணத்தில் கை வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களே விழுகிற குழிகள் சில உண்டு. அதிலும் ஒன்று, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கடுப்பேற்றும்.

போனஸைத் துரத்துவது

பெரும்பாலான ஸ்லாட்டுகளில் மூன்று ஸ்கேட்டர் (ஒரு சிறப்புச் சின்னம்) விழுந்தால் ஃப்ரீ ஸ்பின், அதாவது காசு போடாத சுற்றுகள், கிடைக்கும். அதுதான் போனஸ். பெரிய தொகை பெரும்பாலும் அதில்தான் வரும். அதனால் சாதாரண ஸ்பின்களைப் போனஸுக்கான வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம். இவ்வளவு நேரம் நின்றாயிற்று, இனி நம்ம முறைதானே என்று தோன்றும்.

அங்கே வரிசையே கிடையாது. பட்டனைத் தட்டியதுமே ஒரு ரேண்டம் எண் எடுக்கப்படும், முடிவும் அப்போதே தீர்மானமாகிவிடும். ரீல் (திரையில் சின்னங்கள் ஓடும் பட்டை) சுற்றுவது அந்த முடிவைக் காட்டும் படம் மட்டும். முந்தின 300 ஸ்பின் அந்த நிரலுக்கு ஞாபகமில்லை. தம்பி பயந்த ‘வேற எவனாவது’ வந்து ஆடினாலும், அவனுக்கும் அதே வாய்ப்புதான். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ கேசினோவில் ரூலட் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பில் விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று சிவப்பிலேயே பணத்தைக் கொட்டியவர்கள் எக்கச்சக்கமாக இழந்தார்கள். அன்றைய பந்துக்கும் ஞாபகம் இருக்கவில்லை.

சரி, கணக்கையே பார்த்துவிடலாம். சராசரியாக 200 ஸ்பினுக்கு ஒரு போனஸ் என்று ஒரு கேம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 200 ஸ்பின் ஆடியும் ஒருமுறைகூட வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? கிட்டத்தட்ட 37 சதவீதம். 400 ஸ்பின்னிலும் வராமல் போக 13 சதவீதத்துக்கு மேல். 600 ஆனாலும் இருபதில் ஒருவர் வெறுங்கையோடுதான் இருப்பார். தம்பிக்கு நடந்தது அதிசயம் ஒன்றுமில்லை, நாலைந்து பேரில் ஒருவருக்கு நடப்பது.

இதற்குள் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. அதை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. அதே கேமின் ஆர்டிபி 96 என்று வைப்போம். அதாவது லட்சக்கணக்கான ஸ்பின்களின் சராசரியில் போட்ட 100க்கு 96 திரும்பும். ஆனால் அந்த 96ல் 35 போனஸ் வழியாக வருகிறது என்றால், போனஸ் வராத வரைக்கும் நீங்கள் ஆடுவது 61 ஆர்டிபி கேம். 200 ஸ்பின்னில் 78 பெட் (பெட் என்பது ஒரு ஸ்பினுக்குப் போடும் தொகை) போய்விடும். போனஸ் வந்தால் சராசரியாக 70 பெட் தரும். அந்தச் சராசரியையும் எப்போதாவது வரும் ராட்சதப் போனஸ்கள்தான் தூக்கிப் பிடிக்கின்றன. வழக்கமாகக் கையில் விழுவது அதைவிடக் குறைவு. எனவே போனஸ் ‘வந்தாலும்’ போட்டது திரும்பிவிடும் என்று நம்ப இடமில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 400 போட்டு, ஸ்பினுக்கு 1 என்று ஆரம்பித்தேன். 300 ஸ்பின் வரை ஒன்றுமில்லை. ‘வரப்போகிற போனஸ் சின்ன பெட்டில் வந்து வீணாகிவிடக் கூடாதே’ என்று பெட்டை 5 ஆக்கினேன். எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்! இன்னும் 90 ஸ்பின் போயிற்று. 130 சொச்சம் மிச்சமிருந்தபோது மூன்றாவது ஸ்கேட்டர் விழுந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பத்து ஃப்ரீ ஸ்பின். ஆறாவது வரை பூஜ்ஜியம். ஏழில் கொஞ்சம், ஒன்பதில் கொஞ்சம். மொத்தம் 23 மடங்கு, 115. அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். ‘கேம் சூடாகிவிட்டது’ என்று அதே 5 பெட்டில் தொடர்ந்தேன். கால் மணி நேரத்தில் காலி. பணம் போனதுகூட ஆறிவிட்டது. பெட்டை ஏற்றும்போது கணக்குப் போட்டுத்தான் செய்கிறோம் என்று நம்பினேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

இரண்டு ஸ்கேட்டர் விழுந்ததும் கடைசி ரீல் மெதுவாகி, டிரம் சத்தம் ஏறுகிறதே, அதைப் பார்த்து ‘நெருங்கிவிட்டோம்’ என்று எண்ண வேண்டாம். இரண்டு விழுவதும் ஒன்றும் விழாததும் போனஸ் இல்லை என்ற வகையில் ஒன்றுதான். ரீல் நிதானமாகச் சுற்றும்போது முடிவு ஏற்கெனவே வந்தாயிற்று.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். சில கேம்களில் பெட்டோடு கால் பங்கு கூடுதலாகக் கட்டினால் ஸ்கேட்டர் விழும் வாய்ப்பை இரட்டிப்பாக்கும் வசதி உண்டு. அது தகவல் பக்கத்தில் எழுதியே இருக்கும். எழுதியிருக்காத கேமில் பெட்டை ஏற்றினால் தோற்கும் தொகைதான் ஏறும்.

போனஸை விலைக்கு வாங்குவது

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக வைத்த பட்டன். பெட்டைப் போல 100 மடங்கு கொடுத்தால் நேரே ஃப்ரீ ஸ்பின். நூறு ஸ்பின்னுக்குப் போடும் பணம் ஒரே தட்டில் போகும். வாங்கிய போனஸ் 15 மடங்கு மட்டும் தந்துவிட்டு முடிவது சர்வ சாதாரணம்.

தகவல் பக்கத்தைத் திறக்காதது

ஒரே பெயர், ஒரே படம், ஒரே இசை; ஆனால் ஒரு தளத்தில் ஆர்டிபி 96, இன்னொன்றில் 94, வேறொன்றில் அதற்கும் கீழே. பல கேம்களைத் தயாரிப்பவர்களே இப்படிப் பல அளவுகளில் கொடுக்கிறார்கள். எதை வைப்பது என்பது தளத்தின் விருப்பம். 96க்கும் 92க்கும் சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். நீங்கள் இழக்கும் பங்கு 4லிருந்து 8, அதாவது இரட்டிப்பு. வாலட்டிலிட்டி அதிகம் என்று போட்டிருந்தால், நீண்ட வறட்சிக்குப் பிறகு எப்போதாவது ஒரு பெரிய மழை என்று பொருள். சின்ன பேலன்ஸோடு அதில் இறங்கினால் மழைக்கு முன்பே கிணறு வற்றிவிடும்.

வரவேற்பு போனஸை இலவசம் என்று நினைப்பது

இது ஃப்ரீ ஸ்பின் இல்லை, புதிதாகச் சேர்பவருக்குத் தளம் தரும் சலுகைப் பணம். 100 போட்டால் 100 போனஸ், நிபந்தனை 35 மடங்கு. போனஸுக்கு மட்டும் அந்த மடங்கு என்றாலும் 3,500க்குப் பெட் வைத்த பிறகுதான் பணத்தை எடுக்க விடுவார்கள். 96 ஆர்டிபியில் அதற்குள் சராசரியாக 140 போகும். 100 வாங்க 140 செலவு. போதாக்குறைக்கு, ஸ்பினுக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்று ஒரு வரி எங்கோ கீழே இருக்கும். ஒரு தடவை அதைத் தாண்டினாலும் ஜெயித்ததை ரத்து செய்ய அதையே காரணம் காட்டுவார்கள்.

இசையை நம்புவது

20 போட்டு 8 வந்தாலும் கேம் மேளம் கொட்டும். அது 12 நஷ்டம். பிரிட்டனில் 2021 அக்டோபர் கடைசியிலிருந்து ஆன்லைன் ஸ்லாட்டில் இந்தப் போலிக் கொண்டாட்டத்துக்கே தடை.

ஆட்டோ ஸ்பின்

நாம் தட்டாமலே கேம் தானாகச் சுற்றிக்கொண்டே போகும் வசதி. பிரிட்டனின் அதே விதிகளில் இதற்கும் தடை. காரணம் கேட்கத் தேவையில்லை.

டெமோவில் ஜெயித்த தைரியம்

அது உங்கள் பணம் இல்லை.

சட்டம் பார்க்காமல் இறங்குவது

உங்கள் ஊரில் அனுமதி இல்லையென்றால் இந்தக் கட்டுரை முழுவதும் உங்களுக்கு ஒரே வரிதான்: ஆடாதீர்கள்.

எடுக்கச் சொன்ன பணத்தைத் திரும்ப இழுப்பது

பணத்தை எடுக்க விண்ணப்பித்துவிட்டு, அது வந்து சேர்வதற்குள் ரத்து செய்து மறுபடி ஆடுவது. இரண்டு தடவை செய்தேன். இரண்டு தடவையும் அந்தப் பணம் என் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்கவே இல்லை.